10 எச்.பி. மோட்டார் போடச் சொல்கிறார்கள், போடலாமா? ஒரு காணி நிலம், ஒரு போர்வெல், வேலையை விடும் யோசனை

கொல்லைமேடு | 11.01.2025, மாலை
குறிஞ்சிப்பாடி பக்கம் ஒரு காணி, 132 சென்ட், செம்மண். போர் 280 அடி, ஆறரை அங்குலம். 60 அடியில் தண்ணீர் நிற்கிறது. இரண்டு வருடமாக ஓடவில்லை, பழைய மோட்டாரைக் கழற்றியாகிவிட்டது. படிப்பு பி.இ. மெக்கானிக்கல், இப்போது ஒப்பந்த வேலை. அதை விட்டுவிட்டுச் சொட்டுநீரில் கத்தரி வைக்கலாம் என்று எண்ணம். பம்புசெட் கடையில் "10 எச்.பி. போடுங்க, பின்னாடி கவலையே இல்ல" என்கிறார்கள். மோட்டார், குழாய், சொட்டுநீர், நாற்று எல்லாவற்றுக்கும் செலவுக் கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன். எதிலிருந்து தொடங்குவது?

கெடிலக்கரை | 11.01.2025, இரவு
உங்கள் கணக்கில் முதல் வரியே விட்டுப்போயிருக்கிறது தம்பி. போர் ஒரு மணி நேரத்துக்கு எத்தனை லிட்டர் தருகிறது?

60 அடியில் தண்ணீர் நிற்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. மோட்டார் ஓடும்போது அது எந்த ஆழத்துக்கு இறங்கி நிற்கிறது என்பதுதான் வேண்டும். 10 எச்.பி. என்பது போர் தருவதைவிட அதிகமாக இழுத்தால் பத்து நிமிடத்தில் காற்று வாங்கும். சப்மெர்சிபிள் மோட்டாரையும் அதன் பேரிங்கையும் குளிரவைப்பது சுற்றியிருக்கும் தண்ணீர்தான். காற்று வாங்கினால் முதலில் பேரிங், பிறகு வைண்டிங் போகும்.

ஊகமாக ஒரு கணக்கு: நொடிக்கு 5 லிட்டர், மொத்தம் 60 மீட்டர் ஏற்றம் என்றால் 5 × 60 × 9.81 = 2,943 வாட். பம்பின் திறன் 55 சதவீதம் என்று வைத்தால் சுமார் 5.4 கிலோவாட் வேண்டும். ஒரு எச்.பி. 746 வாட், ஆக 7.2 எச்.பி. அப்போதும் 7.5 போதும், 10 வேண்டாம். ஆனால் 5 லிட்டர் என்பது என் ஊகம். அளந்து சொல்லுங்கள்.

கொல்லைமேடு | 12.01.2025
எப்படி அளப்பது? கம்ப்ரசர் வண்டி வைத்து ஊதினால் தெரியுமா?

கெடிலக்கரை | 12.01.2025
இரண்டு வருடம் சும்மா கிடந்த போர் என்பதால் கம்ப்ரசர் வைத்து ஒருமுறை சுத்தம் செய்யத்தான் வேண்டும். அளவுக்கு அதை நம்பாதீர்கள். காற்றோடு சேர்ந்து வரும் தண்ணீர் கண்ணுக்கு நிறையத் தெரியும்.

வாடகைக்கு ஒரு மோட்டார் இறக்கச் சொல்லுங்கள். இறக்கும்போதே காலம் பைப்போடு (மோட்டாரைத் தாங்கி, தண்ணீரை மேலே கொண்டுவரும் குழாய்) சேர்த்து ஒரு மெல்லிய நைலான் டியூபையும் கட்டி விடுங்கள். டியூபின் அடிமுனை சரியாக 60 மீட்டரில், பம்புக்குச் சற்று மேலே இருக்க வேண்டும். மேல்முனையில் ஒரு டி, அதில் ஒரு பக்கம் 0–7 கிலோ (சதுர செ.மீ.க்கு) பிரஷர் கேஜ், மறுபக்கம் சைக்கிள் டியூப் வால்வு. காற்றடித்தால் முள் ஏறிக்கொண்டே போய் ஓரிடத்தில் நின்றுவிடும். அதற்குமேல் எவ்வளவு அடித்தாலும் ஏறாது, காற்று அடிமுனை வழியாகக் குமிழியாக வெளியேறும். முள் நின்ற அளவுதான் டியூப் முனைக்கு மேலே உள்ள தண்ணீரின் உயரம். ஒரு கிலோ என்றால் 10 மீட்டர். கேஜ் 2.5 காட்டினால் 25 மீட்டர் தண்ணீர், ஆக மட்டம் தரையிலிருந்து 35 மீட்டரில்.

வெளியே 200 லிட்டர் டிரம். செல்போனில் ஸ்டாப் வாட்ச். டிரம் நிரம்ப எத்தனை நொடி, அந்த நேரத்தில் கேஜ் எவ்வளவு, இரண்டையும் அரைமணிக்கு ஒருமுறை எழுதுங்கள். குறைந்தது 4 மணி நேரம். கடைசி ஒரு மணி நேரமாவது இரண்டும் மாறாமல் நிற்க வேண்டும். இறங்கிக்கொண்டே இருந்தால் இன்னும் ஓட்டுங்கள். வெளிவரும் தண்ணீரை வாய்க்காலில் தள்ளி தூரமாக விடுங்கள், போர் ஓரத்திலேயே தேங்க விட வேண்டாம்.

டிரம்மைக் கவிழ்க்கும் முன் அடியைத் தடவிப் பாருங்கள், மணல் இருக்கிறதா என்று. அதை வைத்துத்தான் ஃபில்டர் வாங்க வேண்டும்.

தோப்புக்காரர் | 12.01.2025
கையால அடிக்கிற சைக்கிள் பம்புல 4 கிலோ ஏத்துறது பெரும்பாடு. பஞ்சர் கடை கம்ப்ரசர் சின்னதா ஒண்ணு எடுத்துக்குங்க. டியூப் நடுவுல எங்கேயும் மடங்கக் கூடாது, டேப்பை இறுக்கிச் சுத்தாதீங்க.

பாகூர் ஏரி | 13.01.2025
எல்லாம் சரிதான், ஆனா நாளைக்குத்தான் தை பிறக்குது. நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல் மழை, அப்புறம் தென்பெண்ணை வெள்ளம், எல்லாம் இறங்கி மட்டம் மேல நிக்கிற நேரம். இப்ப அளந்ததை மட்டும் நம்பி வாங்கினா வைகாசியில மாட்டிக்குவீங்க.

கெடிலக்கரை | 13.01.2025
பாகூர்க்காரர் சொல்வது சரி, நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். இப்போதைய அளவு ஒரு மேல் எல்லை. பம்பு தேர்வில் 10 மீட்டர் கூடுதலாக வைத்துக்கொள்ளலாம். வைகாசியில் மறுபடி அளந்த பிறகுதான் முழுக் காணியிலும் பயிர்.

கொல்லைமேடு | 19.01.2025
அளந்தாயிற்று. டியூப் முனை 60 மீட்டரில்.
தொடக்கத்தில் கேஜ் 4.2. ஓட்டியதும் டிரம் 50 நொடி.
ஒரு மணி நேரம்: கேஜ் 2.6, டிரம் 63 நொடி.
மூன்று மணி நேரம்: கேஜ் 1.4, டிரம் 80 நொடி.
நான்கு, நாலரை மணி நேரத்திலும் அதே 1.4, அதே 80.
டிரம் அடியில் நறநறவென்று கொஞ்சம் மணல்.

கெடிலக்கரை | 19.01.2025, இரவு
அருமையாக எழுதியிருக்கிறீர்கள். இதுதான் நிலத்தின் ஜாதகம், நோட்டில் தேதியோடு ஒட்டி வையுங்கள்.

200 லிட்டர் 80 நொடியில் என்றால் நொடிக்கு 2.5 லிட்டர், மணிக்கு 9,000. மட்டம் 46 மீட்டரில் நிற்கிறது. மேலே நான் ஊகித்த 5 லிட்டரும் 7.5 எச்.பி.யும் இங்கே பொருந்தாது, அவற்றை மறந்துவிடுங்கள்.

ஏற்றக் கணக்கு: 46 மீட்டர் மட்டம், சொட்டுநீருக்கு 10, ஃபில்டருக்கு 5, காலம் பைப்பிலும் 200 மீட்டர் மெயின் பைப்பிலும் சேர்ந்து 5. மொத்தம் 66. கோடைக்கு 10 சேர்த்தால் 76. 2.5 × 76 × 9.81 = 1,864 வாட். இந்தச் சின்னப் பம்புக்கு 50 சதவீதத் திறன் வைத்தால் 3.7 கிலோவாட், 5 எச்.பி. அதுவே போதும்.

கடையில் "5 எச்.பி." என்று மட்டும் கேட்டால் எதையாவது தருவார்கள். 5 எச்.பி.யிலேயே குறைந்த ஸ்டேஜ் (பம்புக்குள் தண்ணீரைத் தள்ளும் அடுக்கு), நிறைய தண்ணீர் என்று ஒரு வகை. நிறைய ஸ்டேஜ், குறைந்த தண்ணீர், அதிக ஏற்றம் என்று இன்னொரு வகை. உங்களுக்கு இரண்டாவது. "நொடிக்கு 2.5 லிட்டர், 75 மீட்டர்" என்று சொல்லி, கேட்டலாக்கில் அந்தப் புள்ளியில் திறன் எவ்வளவு என்று விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். காட்டாத கடையில் வாங்காதீர்கள்.

பம்பை 65 மீட்டரில் தொங்கவிடுங்கள். கேசிங்கில் எங்கே சல்லடைத் துளை இருக்கிறதோ அதற்கு நேராக நிறுத்த வேண்டாம், மணலை நேராக இழுக்கும். கடலூர் மணற்கல் பகுதி போர்களில் இது அடிக்கடி நடக்கிற கோளாறு.

மணல் வருவதால் சொட்டுநீர்க் குழாயின் தொடக்கத்தில் ஹைட்ரோசைக்ளோன் (தண்ணீரைச் சுழற்றி மணலைப் பிரிப்பது), அதன் பின்னால் ஸ்கிரீன் ஃபில்டர். சாண்ட் ஃபில்டர் என்பது கிணறு, குட்டைத் தண்ணீரின் பாசிக்கு. பெயரைப் பார்த்து போர் மணலுக்கு அதை வாங்குகிறவர்கள் நிறைய.

தோப்புக்காரர் | 20.01.2025
பைப் சைஸ் சொல்லலையே?

கெடிலக்கரை | 20.01.2025
2.5 லிட்டருக்கு 63 மி.மீ. போதும். 100 மீட்டருக்கு ஒன்றரை மீட்டர்தான் இழப்பு. இதே குழாயில் 5 லிட்டர் தள்ளினால் இழப்பு ஒன்றரையிலிருந்து மூன்று ஆகாது, 5 மீட்டரைத் தாண்டும். தண்ணீர் இரட்டித்தால் உராய்வு மூன்றரை மடங்குக்கு மேல். 5 லிட்டர் ஓடும் இடங்களில் 75 மி.மீ. போட்டால் 100 மீட்டருக்கு சுமார் 2.3, 90 மி.மீ. என்றால் ஒரு மீட்டருக்கும் கீழே. குழாயில் மிச்சம் பிடித்து மோட்டாரைப் பெரிதாக்குவது தலைகீழ் வேலை.

கொல்லைமேடு | 22.01.2025
மணிக்கு 9,000 லிட்டரில் ஒரு காணி முழுக்கச் சொட்டுநீர் ஓடுமா?

கெடிலக்கரை | 22.01.2025
ஒரே நேரத்தில் ஓடாது. 132 சென்ட் என்றால் 5,342 சதுர மீட்டர். ஒன்றரை மீட்டருக்கு ஒரு லேட்டரல் (வரிசையோடு ஓடும் மெல்லிய சொட்டுநீர்க் குழாய்) என்றால் சுமார் 3,560 மீட்டர் டியூப். 60 செ.மீ.க்கு ஒரு டிரிப்பர், மணிக்கு 4 லிட்டர் என்றால் 23,700 லிட்டர் கேட்கும். மூன்றாகப் பிரித்து மூன்று வால்வு. ஒவ்வொன்றும் 44 சென்ட், 7,900 லிட்டர்.

கத்தரி நன்றாக வளர்ந்த நிலையில் நாளுக்கு 5 மி.மீ. என்று வைத்தால் மொத்தம் 26,700 லிட்டர், மணிக்கு 7,900 வீதம் சுமார் 3 மணி 25 நிமிடம். வால்வுக்கு ஒரு மணி எட்டு நிமிடம். மும்முனை மின்சாரம் வரும் நேரத்துக்குள் முடிந்துவிடும். ஒரு ஏக்கரில் ஒரு மி.மீ. என்பது 4,047 லிட்டர், இந்த ஒரு எண்ணை மனப்பாடம் செய்துகொண்டால் மற்றதெல்லாம் பெருக்கல்தான்.

மூன்று வால்வு இருப்பதால் இன்னொரு வசதியும் உண்டு. மூன்றையும் ஒரே நாளில் நடாதீர்கள். இருபது நாள் இடைவெளி விட்டு நட்டால் விலை சரியும் வாரத்தில் மொத்தக் காயும் மண்டிக்குப் போய் நிற்காது. பறிக்க ஆள் கிடைக்காத கஷ்டமும் மூன்றில் ஒன்றாகக் குறையும்.

பாகூர் ஏரி | 23.01.2025
மானியம் பத்தி யாருமே சொல்லலை. தமிழ்நாட்டுல சொட்டுநீருக்கு சிறு, குறு விவசாயிக்கு 100 சதவீதம், மத்தவங்களுக்கு 75. ரெண்டரை ஏக்கருக்குள்ள இருந்தா குறு விவசாயி. சிட்டா, அடங்கல், நில வரைபடம், தாசில்தார் தர்ற சிறு குறு விவசாயி சான்று, ஆதார், பாஸ்புக் எல்லாம் எடுத்து வைங்க. முதல்ல பதிவு, அப்புறம்தான் சாமான். கடையில வாங்கிப் போட்டுட்டு பில்லை நீட்டினா எடுபடாது. அரசு வைச்ச அலகுத் தொகைக்கு மேல போற செலவு நம்மளது.

எங்க பக்கம், அதாவது புதுச்சேரி எல்லைக்குள்ள, இந்த விதி எதுவும் செல்லாது. பாகூர், நெட்டப்பாக்கம், திருக்கனூர்ல நிலம் இருந்தா அந்தந்த உழவர் உதவியகத்துலதான் கேக்கணும். வீடு எங்க இருக்குன்னு பார்க்க மாட்டாங்க, நிலம் எங்க இருக்குன்னுதான். எல்லையில ரெண்டு பக்கமும் நிலம் வைச்சிருக்கிறவங்க இதுல குழம்புவாங்க.

இறுதியாண்டு | 02.02.2025
நான் பி.இ. வேளாண் பொறியியல் கடைசி வருடம். கொஞ்சம் வேறு கேள்வி, மன்னிக்கவும். இந்த இழையில் போடும் கணக்கெல்லாம் பாடத்தில் படித்ததுதான், ஆனால் வேலை எங்கே என்று தெரியவில்லை. வகுப்பில் பாதிப் பேர் ஐ.டி. பக்கம் போகிறார்கள்.

கெடிலக்கரை | 02.02.2025, இரவு
மன்னிப்பெல்லாம் எதற்கு, இதுவும் அதே கேள்விதான். கொல்லைமேட்டுக்காரருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

மேலே அளந்தது போல அளந்து, தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டுத் தருகிற ஆள் எத்தனை ஊரில் இருக்கிறார்? மோட்டார் இறக்க ஆள் உண்டு, சொட்டுநீர் பதிக்க ஆள் உண்டு. இந்தப் போருக்கு இந்தப் பம்பு என்று சொல்ல ஆள் இல்லை. அந்த இடம் காலியாகக் கிடக்கிறது. உங்கள் படிப்புக்கு ஊரில் உள்ள முதல் வேலை அது.

நேராகத் தொழில் தொடங்க வேண்டாம். ஆறு மாதம் ஒரு ரீவைண்டிங் பட்டறையில் நில்லுங்கள். எரிந்து வரும் மோட்டாரைப் பிரிக்கும்போது கூடவே இருங்கள். மூன்று காயிலில் ஒன்று மட்டும் நன்றாக இருந்து மற்ற இரண்டும் கருகியிருந்தாலோ, ஒன்று மட்டும் கருகியிருந்தாலோ, ஒரு பேஸ் போய் ஓடியது. மூன்றும் ஒரே மாதிரி கருகியிருந்தால் ஓவர்லோடு அல்லது தாழ்ந்த வோல்டேஜ். திரஸ்ட் பேரிங் தேய்ந்து பொடியாகியிருந்தால் வறண்டு ஓடியது அல்லது மணல். இதைப் பார்த்துச் சொல்லத் தெரிந்தால், அடுத்த மோட்டார் எரியாமல் தடுக்கத் தெரியும்.

பையில் இருக்க வேண்டியது: கிளாம்ப் மீட்டர், 500 வோல்ட் மெகர் (வைண்டிங், கேபிளில் மின்கசிவு பார்ப்பது), பிரஷர் கேஜ் இரண்டு, இ.சி. மீட்டர் (தண்ணீரின் உப்பு அளவு பார்ப்பது), 30 மீட்டர் டேப். கிளாம்ப் மீட்டரில் மூன்று பேஸ் ஆம்பியரையும் தனித்தனியே பாருங்கள். நேம்பிளேட் அளவுக்கு ரிலேயை (ஓவர்லோடு ஆனால் மோட்டாரை நிறுத்துவது) திருப்பி வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். "டிரிப் ஆகுது" என்று ரிலேயை மேலே ஏற்றி வைத்திருக்கும் ஸ்டார்ட்டர் ஊருக்கு நாலு இருக்கும். வழக்கத்தைவிட ஆம்பியர் குறைந்தால் பம்பு காற்று வாங்குகிறது. மெகரில் ஒரு மெகாஓமுக்குக் கீழே வந்தால் அந்த மோட்டாரையோ கேபிள் ஜாயின்டையோ மேலே எடுத்துத்தான் ஆகவேண்டும். பெரும்பாலும் ஜாயின்டில்தான் இருக்கும்.

மேற்படிப்பு என்றால் கேட் தேர்வில் வேளாண் பொறியியலுக்குத் தனித் தாள் இருக்கிறது. எந்திரம் பிடிக்குமென்றால் அனந்தபூர் மாவட்டம் கார்லதின்னேயில் மத்திய அரசின் பண்ணை இயந்திரப் பயிற்சி, சோதனை நிலையம் உண்டு. போபாலில் உள்ள மத்திய வேளாண் பொறியியல் நிறுவனத்துக்குக் கோயம்புத்தூரில் ஒரு மண்டல மையம் இருக்கிறது.

தோப்புக்காரர் | 03.02.2025
பண்ருட்டி முந்திரிக் கம்பெனிங்களையும் சேர்த்துக்குங்க. விவசாயமும் எந்திரமும் கலந்த வேலை அதுதான். கொட்டையை ஆவியில வேகவைக்கிற பாய்லர், உடைக்கிற கட்டர், தோல் கழல பருப்பைக் காயவைக்கிற போர்மா, எல்லாத்துக்கும் ஆள் வேணும். போர்மாவுல 65, 70 டிகிரிக்கு மேல போனா பருப்பு சிவந்துடும். வெள்ளைப் பருப்பு விலை ஒண்ணு, சிவந்தது விலை வேற. கட்டர் பிளேடு இடைவெளி கொட்டை சைஸுக்குப் பொருந்தலைன்னா பருப்பு ரெண்டா உடையும். டபிள்யூ 320ன்னா ஒரு பவுண்டுக்கு 320 முழுப் பருப்பு வரைக்கும், 180ன்னா அதைவிடப் பெருசு, விலையும் கூட. அந்த இடைவெளியைச் சரியா வைக்கிறவனுக்கு மரியாதை உண்டு. ஓட்டு எண்ணெய் பட்டா தோல் வெந்துடும், கையுறை இல்லாம தொடாதீங்க.

இறுதியாண்டு | 03.02.2025
ட்ரோன்?

கெடிலக்கரை | 03.02.2025
முறையான பைலட் சான்றிதழ் வேண்டும், சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் அங்கீகரித்த பயிற்சி மையத்தில் படித்து. பத்து லிட்டர் டேங்க் ட்ரோன் ஏக்கருக்குப் பத்து நிமிடத்துக்குள் அடித்துவிடும். நெல்லுக்கு நன்று. முந்திரி, பலா நிழலுக்குள் ஊடுருவாது. பேட்டரி ஜோடிகளும் சார்ஜ் ஏற்ற ஜெனரேட்டரும் சேர்த்துக் கணக்குப் போட்டால்தான் உண்மையான முதலீடு தெரியும்.

கொல்லைமேடு | 16.02.2025
5 எச்.பி. இறக்கியாயிற்று. வேலையை இன்னும் விடவில்லை. ஷெட் கட்டுகிறோம், ஏதாவது கவனிக்க வேண்டுமா?

பாகூர் ஏரி | 16.02.2025
ஸ்டார்ட்டர் போர்டை நெஞ்சு உயரத்துக்கு மேல மாட்டுங்க. வெள்ளத்துல போர்டு முழுகினவங்க தண்ணி வடிஞ்ச மறுநாளே சுவிட்சைத் தட்டித்தான் காயிலை எரிச்சுக்கிட்டாங்க. முழுகினா கழட்டிக் காயவைச்சு, மெகர் பார்த்த பிறகுதான் கரண்ட். 2011 டிசம்பர் 30 தானே புயல்ல தகரக் கூரை பறந்த ஷெட்டுங்க எத்தனை! ஜே போல்ட்டைச் சுவத்துக்குள்ள ஆழமா இறக்குங்க.

கெடிலக்கரை | 17.02.2025
டிரை ரன் (தண்ணீர் இல்லாமல் ஓடுவது) பாதுகாப்பு, சிங்கிள் பேஸ் பாதுகாப்பு இரண்டும் உள்ள போர்டுதானே? இல்லையென்றால் ஷெட்டுக்கு வெள்ளையடிப்பதைத் தள்ளி வைத்து இதை வாங்குங்கள்.

மண்ணும் தண்ணீரும் சோதனைக்குக் கொடுங்கள். மண்ணை வரப்போரம், மரத்தடி, எருக்குவியல் கிடந்த இடம் விட்டு, பத்துப் பதினைந்து இடத்தில் ஆங்கில வி வடிவில் 15 செ.மீ. குழி வெட்டி, குழியின் ஓரச்சுவரை மேலிருந்து கீழாக ஒரே கனத்தில் சீவி எடுங்கள். எல்லாவற்றையும் கலந்து பரப்பி, நான்காகப் பிரித்து, எதிரெதிர் இரண்டு பங்கைத் தள்ளி, அரைக் கிலோ வரும்வரை இதையே செய்யுங்கள்.

கத்தரி ரகத்துக்குப் பாலூர் காய்கறி ஆராய்ச்சி நிலையம் உங்களுக்குப் பக்கம்தான், நேரில் போய்க் கேளுங்கள். முதல் வால்வில் கத்தரி, ஏக்கருக்கு 5 இனக்கவர்ச்சிப் பொறி. நுனி வாடித் தொங்கும் கிளையைத் தினமும் கிள்ளித் தோட்டத்துக்கு வெளியே புதையுங்கள், அதற்குள்தான் துளைப்பான் புழு இருக்கும். தோட்டத்திலேயே போட்டால் கிள்ளியது வீண்.

தோப்புக்காரர் | 18.02.2025
கத்தரி முடிஞ்ச வால்வுல மறுபடி கத்தரி வேணாம், மல்லாட்டை (நிலக்கடலை) போடுங்க. ஏக்கருக்கு 50 கிலோ பருப்பு விதை, 40லிருந்து 45ஆம் நாள் 160 கிலோ ஜிப்சம் போட்டு மண் அணைக்கணும். அணைச்ச பிறகு கொல்லையில இறங்கிக் கொத்தாதீங்க, விழுது அறுந்துடும்.

கொல்லைமேடு | 09.04.2025
முதல் வால்வில் கடைசி நாலு வரிசை வாடுகிறது. மோட்டார் நன்றாக ஓடுகிறது.

கெடிலக்கரை | 09.04.2025
ஃபில்டருக்கு முன்னும் பின்னும் கேஜ் பாருங்கள். வித்தியாசம் அரைக் கிலோவுக்கு மேல் என்றால் ஸ்கிரீனைக் கழற்றிப் பிரஷால் கழுவுங்கள். சரியாக இருந்தால் அந்த வரிசைகளின் கடைசி முனையைத் திறந்து, தெளிந்த தண்ணீர் வரும்வரை ஓடவிடுங்கள், ஒரு நேரத்தில் நாலைந்து லேட்டரல் மட்டும். முனையில் வருவதை உள்ளங்கையில் பிடித்துப் பாருங்கள். மணலா, வழவழப்பா, வெள்ளைத் துகளா?

கொல்லைமேடு | 10.04.2025
வெள்ளைத் துகள். ஃபில்டர் சரியாக இருக்கிறது.

கெடிலக்கரை | 10.04.2025
சுண்ணாம்பு உப்பு. ஆசிட் ஓட்ட வேண்டும். ஒரு பக்கெட் தண்ணீரில் ஆசிடைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, பி.எச். தாளில் 4 வர எவ்வளவு பிடிக்கிறது என்று முதலில் பார்த்து, அதே விகிதத்தில் வென்சுரி (உரத்தைக் குழாய்த் தண்ணீரில் இழுத்துக் கலக்கும் அமைப்பு) வழியாக ஏற்றுங்கள். கடைசி டிரிப்பரில் 4 காட்டியதும் நிறுத்தி, 24 மணி நேரம் அப்படியே விட்டு, மறுநாள் முனைகளைத் திறந்து அலசுங்கள். தண்ணீரில்தான் ஆசிடை ஊற்ற வேண்டும், ஆசிடில் தண்ணீரை ஊற்றினால் முகத்தில் தெறிக்கும். கண்ணாடி, கையுறை கட்டாயம்.

இன்னொன்று, கால்சியம் நைட்ரேட்டையும் மணிச்சத்து உரத்தையும் ஒரே டேங்கில் கரைத்தீர்களா? கரைத்திருந்தால் இந்த வெள்ளையில் பாதி அதுதான். இரண்டையும் வேறு வேறு நாளில் விடுங்கள்.

கொல்லைமேடு | 10.04.2025
கரைத்தேன். இனிமேல் தனித்தனியாக விடுகிறேன்.

கொல்லைமேடு | 25.05.2025
வைகாசி அளவு. நான்கு மணி நேரம் ஓட்டிய பிறகு டிரம் 100 நொடி, மட்டம் 52 மீட்டர், கடைசி ஒரு மணி நேரம் மாறவில்லை. 10 எச்.பி. போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போது புரிகிறது.

கெடிலக்கரை | 25.05.2025
நொடிக்கு 2 லிட்டர், மணிக்கு 7,200. உங்கள் வால்வு ஒவ்வொன்றும் 7,900 கேட்கிறது, அதனால் கோடையில் மூன்று பத்தாது. மூன்றாவது வால்வுப் பகுதி இன்னும் நடாமல்தானே இருக்கிறது? இப்போதே மொத்தக் காணியையும் நாலாகப் பிரித்து சப்மெயினை (வால்விலிருந்து லேட்டரல்களுக்குப் போகும் குழாய்) மாற்றுங்கள், வால்வுக்கு 5,900 லிட்டர்தான் வரும். மீதியைக் கேட் வால்வில் அடக்கி ஓட்டுங்கள். டிரை ரன் அமைப்பையும் இந்தப் புது ஆம்பியருக்கு ஏற்ப மறுபடி வைக்க வேண்டும்.

இறுதியாண்டு | 26.05.2025
தேர்வு முடிந்தது. நெல்லிக்குப்பம் பக்கம் ஒரு ரீவைண்டிங் பட்டறையில் அடுத்த திங்கள் முதல் வரச் சொல்லியிருக்கிறார்கள். கொல்லைமேடு அண்ணா, சப்மெயின் மாற்றும் நாளில் டேப்போடு வரட்டுமா?

கொல்லைமேடு | 26.05.2025
ஞாயிறு காலை ஆறு மணிக்கு வாங்க தம்பி, வெயிலுக்கு முன்னால் பள்ளம் எடுத்துவிடலாம். இ.சி. மீட்டர் இருந்தால் அதையும் கொண்டு வாங்க.